பசியின்மை அல்ல, உணவு மறுப்பு

கொரிய மருத்துவம் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்றின் தமிழாக்கம் போன மாதம் மெய்ப்புப் பார்க்க வந்தது. மூன்றாவது வரியிலேயே பேனா நின்றுவிட்டது. "பசியின்மை நோயாளிகளுக்கு மண்ணீரலை வலுப்படுத்தும் மூலிகைகள் தரப்படும்." ஒரே வரியில் இரண்டு பிழை. இதைப் படிக்கும் ஒரு அம்மா என்ன நினைப்பார்? மகளுக்குப் பசி எடுக்கவில்லை, கொஞ்சம் லேகியம் கொடுத்தால் சரியாகிவிடும், அப்புறம் எதற்கும் மண்ணீரலை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றுதான்.

சொல்ல வந்த நோய் அனோரெக்சியா நெர்வோசா: எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பிட மறுக்கும் மனநோய். கிரேக்கத்தில் 'அன்' என்றால் இல்லை, 'ஓரெக்சிஸ்' என்றால் விருப்பம், பசி. 1870களில் வில்லியம் கல் என்ற ஆங்கில மருத்துவர் வைத்த பெயர். அதாவது மூலப் பெயரே 'பசி இல்லை' என்றுதான் சொல்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒளிந்துகொள்வதும் இந்த இடத்தில்தான்.

ஆனால் பெயர் வைத்தவரே சறுக்கியிருந்தால் நாமும் கூடவே சறுக்க வேண்டுமா? இந்த நோயில் பெரும்பாலும் பசி இருக்கிறது. சமையல் குறிப்புகளை மணிக்கணக்கில் படிப்பார்கள், வீட்டில் எல்லாருக்கும் ஆக்கிப் போடுவார்கள், தான் மட்டும் ஒரு இட்லியைப் பதினாறு துண்டாக்கித் தட்டில் நகர்த்திக்கொண்டிருப்பார்கள். எடை கூடிவிடுமோ என்ற பயம் பசியைவிடப் பெரிதாக நிற்கிறது.

கொரியர்கள் இதில் தெளிவு. பேச்சு வழக்கில் இந்த நோய்க்கு அவர்கள் சொல்லும் பெயர் 'கோசிக்சுங்'. 'கோ' மறுத்தல், 'சிக்' உணவு, 'சுங்' நோய்க்குறி. உணவு மறுப்பு நோய், அவ்வளவுதான். காய்ச்சலிலோ செரிமானக் கோளாறிலோ சாப்பிடப் பிடிக்காமல் போவதற்கு 'சிக்யோக் புஜின்' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். மருத்துவ நூல் நடையில் இந்த நோய்க்கு 'நரம்புசார்' என்ற அடைமொழியோடு அந்தச் சொல்லும் வரும் என்பது உண்மை. வீட்டில், தெருவில் புழங்குவது கோசிக்சுங்தான்.

தமிழில் 'பசியின்மை' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது. மஞ்சள் காமாலையில் பசியின்மை, குடல் பூச்சியில் பசியின்மை, மந்தம் தட்டிய குழந்தைக்குப் பசியின்மை. இந்த வரிசையில் உயிரைக் குடிக்கும் ஒரு மனநோயைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் அதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? 'பசியற்ற உளநோய்' என்று ஒட்டுப் போட்டவர்களும் உண்டு. பசி என்ற பிழை அப்படியே இருக்க, பக்கத்தில் 'உளம்' வந்து நின்றதால் என்ன மாறிவிட்டது?

'மறுப்பு' என்றால் நோயாளி மேல் பழி போடுவதாகாதா, உண்ணாவிரதம் போல வீம்பு என்று நினைத்துவிட மாட்டார்களா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் உண்ணாவிரதத்துக்கு ஒரு கோரிக்கை உண்டு, கோரிக்கை நிறைவேறினால் பழரசமும் உண்டு. இங்கே மறுப்பது நோய், வாய் மட்டும் அவளுடையது. 'உணவு மறுப்பு நோய்' என்று நோயைச் சேர்த்தே சொன்னால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். ஜெர்மானியர்களின் பெயருக்கு 'மெலிவு வெறி' என்று பொருள். அழகாக இருக்கிறது, ஆனால் தமிழில் சினிமாத் தலைப்பு மாதிரி ஒலிக்கிறது. இது எதுவுமே பிடிக்கவில்லையா, அனோரெக்சியா என்றே எழுதுங்கள். தப்பான தமிழைவிட நேரான கடன்சொல் எவ்வளவோ மேல்.

இதற்கு அண்டை நோயான, அளவில்லாமல் தின்றுவிட்டு அதை வாந்தியெடுக்கும் புலிமியாவின் பெயரிலும் பசிதான். கிரேக்கத்தில் 'மாட்டுப் பசி'. உடனே நம்மவர்களுக்கு மணிமேகலையில் வரும் காயசண்டிகை நினைவுக்கு வந்து 'யானைத்தீ' என்று எழுதத் தோன்றும். முனிவர் சாபத்தால் பன்னிரண்டு ஆண்டு அடங்காப் பசியில் துடித்தவள், அமுதசுரபிச் சோற்றில் தணிந்தாள். அருமையான சொல், எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் அவள் தின்றதை வாந்தியெடுக்கவில்லை, எடையைக் கண்டு அஞ்சவுமில்லை. கொரிய இளைஞர்கள் கொச்சையில் 'மொக்தோ' என்பார்கள்: தின்று கக்குதல். நோயின் பாதி அந்தக் கக்குதலில் இருக்கிறது.

சரி, மண்ணீரலுக்கு வருவோம். மூலத்தில் இருப்பது 'பீவி'. எழுத்துக்கு எழுத்து மண்ணீரலும் இரைப்பையும். ஆனால் ஹோ ஜுன் தொகுத்து 1613-இல் அச்சான தொங்குய் போகாம் என்ற மருத்துவ நூல் தொட்டு இன்றுவரை கொரிய மருத்துவத்தில் அது உண்டதைச் செரித்து உடலுக்குச் சத்தாக்கும் ஆற்றலின் பெயர். ஓயாத யோசனை மண்ணீரலைக் கெடுக்கும் என்பதும் அவர்கள் கொள்கை. உணவை நினைத்தே உழலும் நோயை அவர்கள் ஏன் அங்கே கொண்டு வைக்கிறார்கள் என்பது இப்போது புரியும். பேச்சிலும், பீவி பலவீனம் என்றால் சட்டென்று குமட்டும் ஆள். ஒருவர் பீவிக்கு ஒத்துப்போவது என்றால் அவர் மனம் கோணாமல் நடப்பது. இதில் எந்தப் பீவியை ஸ்கேன் எடுப்பது? 'செரிமான ஆற்றல்' என்று எழுதினால் போதும்.

சொல் பிசகினால் மருந்தும் பிசகும். பசியில்லை என்று நம்பினால் பசிதூண்டியைத் தேடுவார்கள். மூலிகை என்றாலே நல்லது என்றும் இருந்துவிட முடியாது: கொரியாவில் உடல் மெலிய விற்கும் மூலிகைக் கஷாயங்களில் மாஹ்வாங் என்ற செடி அடிக்கடி சேரும். அதிலுள்ள எபெட்ரின் பசியை அடக்கும், இதயத்தை விரட்டும். உணவு மறுப்பு நோயாளி கையில் அது கிடைத்தால் என்ன ஆகும்? பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தாலும் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் எடை, நாடித்துடிப்பு, ரத்த உப்புகளை மருத்துவமனையில் பார்த்து, உணவை மெல்ல ஏற்றி, மனநல சிகிச்சையும் குடும்பத்தின் துணையும் சேர வேண்டும். அக்குபஞ்சரோ கஷாயமோ, அந்த மருத்துவருக்குத் தெரிந்து, துணைக்கு மட்டும்.

திருத்தி அனுப்பினேன். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள், பசியின்மையையும் மாற்றினார்கள். தலைப்பை மட்டும் விடமாட்டோம் என்றுவிட்டார்கள்: 'உணவுக் கோளாறு மீட்பு'. மீட்பு என்றால் கிணற்றில் விழுந்த பசுவுக்குத் தீயணைப்புப் படை செய்வது, 'மீள்தல்' என்று போடுங்கள் என்றேன். 'உண்ணுதல் கோளாறு' என்றாவது மாற்றுங்களேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். உணவுக் கோளாறு என்றால் எங்கள் தெருவில் நேற்றைய பிரியாணி.