வால்கயிறு அறுந்த தோள்

சென்னிமலைப் பக்கம் நாற்பது வருசம் தறியில் உட்கார்ந்த ஓர் ஆத்தா. வயது 78. வலது தோளின் முன்பக்கம் கொய்யாப்பழ அளவுக்கு உப்பியிருந்தது. சூடில்லை, சிவப்பில்லை. அமுக்கினால் தண்ணீர்ப் பை போலக் குழைந்தது.

"கையை ஒசக்கத் தூக்குங்க ஆத்தா" என்றேன். தோள்பட்டை மொத்தமாக எக்கியதே தவிர, கை இடுப்புக்கு மேல் வரவில்லை.

"முடியல கண்ணு. கொண்டை போட்டு மூணு மாசமாச்சு. அசைச்சா உள்ளார கரகரங்குது."

முழங்கையைத் தாங்கி நானே தூக்கிப் பார்த்தேன். கை தோள் மட்டத்தைத் தாண்டிப் போனது. விட்டதும் விழுந்துவிட்டது.

இயன்முறை மருத்துவம் செய்கிற எனக்கு அந்த விழுதல்தான் முக்கியம். சர்க்கரை நோயாளிகளுக்கு அடிக்கடி வரும் உறைந்த தோளில் யார் தூக்கினாலும் கை வராது, ஏனென்றால் மூட்டின் உறையே இறுகிப்போயிருக்கும். இங்கே மூட்டு இறுகவில்லை, தூக்கிப் பிடிக்க வேண்டியது அறுந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணி "வயசானா அப்படித்தான்" என்று எண்ணெய் தேய்த்தே நாளைக் கடத்துகிறோம். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இந்த நோய்க்கு மில்வாக்கி தோள் என்று பெயர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் டேனியல் மெக்கார்ட்டியும் அவருடைய குழுவினரும் 1981இல் நான்கு மூதாட்டிகளிடம் கண்டு எழுதினார்கள். கவுட் என்ற மூட்டுவாத நோயாளியின் மூட்டு நீரில் யூரிக் அமிலப் படிகங்கள் இருப்பதை 1961இல் ஜோசப் ஹாலண்டருடன் சேர்ந்து நுண்ணோக்கியில் காட்டியவரும் இதே மெக்கார்ட்டிதான். மூட்டு நீருக்குள் படிகம் தேடுவதை அவர் விடவே இல்லை.

தோள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அது எப்படிக் கெடுகிறது என்பது பிடிபடும். இடுப்பு மூட்டு ஆட்டுக்கல் மாதிரி. குழவி குழிக்குள் ஆழ்ந்து உட்கார்ந்திருக்கும், சுலபத்தில் நகராது. தோளிலோ குழி மிகவும் மேலோட்டம். அகல் விளக்கின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்த கதை. கை எல்லாப் பக்கமும் சுழல்வதற்காகக் கொடுத்த விலை அது. அந்தப் பழத்தை அகலிலேயே பிடித்து வைத்திருப்பவை, தோள் எலும்பிலிருந்து வந்து கை எலும்பின் உச்சியிலுள்ள பந்தைச் சுற்றிப் பிடிக்கும் நான்கு சிறிய தசைகளின் நாண்கள், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறுகள். வெளியே குவிந்து தெரியும் பெரிய தசை, கையை மேலே இழுக்கும் டெல்டாய்டு.

மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றம் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மாடு இழுப்பது வடக்கயிற்றை. சால் என்கிற பெரிய வாளியின் அடியில் இருக்கும் தோல் குழாயான தும்பியை மடக்கிப் பிடிப்பது மெலிந்த வால்கயிறு. வால்கயிறு அறுந்தால் மாடு எவ்வளவு இழுத்தாலும் சால் மேலே வருமே ஒழிய, வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது. தோளில் டெல்டாய்டு வடக்கயிறு, நான்கு நாண்களும் வால்கயிறு. அவை அறுந்துபோனால் டெல்டாய்டு இழுக்கும் இழுப்பில் கை உயராது. பந்துதான் மேலேறி, கூரைபோல் கவிந்திருக்கும் எலும்பில் முட்டித் தேயும். எக்ஸ்ரேயில் பந்துக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடைவெளி 7 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே நாண் கிழிந்திருக்கிறது என்று சந்தேகிப்போம். ஆத்தாவின் படத்தில் இடைவெளியே இல்லை. பந்தின் உச்சி தட்டையாகி, சுண்ணாம்புச் சுவர் உதிர்ந்ததுபோல் இருந்தது.

நாண்களை அரித்தது எது? எலும்பு மருத்துவர் ஊசி போட்டு நீரை எடுத்தபோது பக்கத்தில் இருந்தேன். இளஞ்சிவப்பில், நீர்த்த ரத்தம்போல் வந்தது. இந்த நோயில் 100 மில்லியைத் தாண்டுவதும் உண்டு. சீழ் பிடித்த மூட்டாக இருந்தால் ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் 50,000க்கு மேல் போகும். இங்கே வழக்கமாக 1,000க்குள் அடங்கிவிடும். அதாவது மூட்டை அழிப்பது கிருமியோடு நடக்கும் சண்டையல்ல. உள்ளேயே சத்தமில்லாமல் ஒரு செரிமானம் நடக்கிறது.

எலும்பை எலும்பாக்கும் கால்சியம் பாஸ்பேட் உப்பே மூட்டு நீரில் நுண்படிகங்களாக மிதக்கிறது. மூட்டின் உள்சவ்விலுள்ள செல்கள் அவற்றை விழுங்குகின்றன. விழுங்கிய செல் கிளர்ந்து கொலாஜனேஸ் போன்ற நொதிகளைக் கக்குகிறது. நாணுக்கும் குருத்தெலும்புக்கும் உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம், நொதிகளுக்கு இரையாவதும் அதுதான். சிதைந்த திசுவிலிருந்து புதிய படிகங்கள் உதிர, செல்கள் அவற்றையும் விழுங்க, சுற்று மறுபடி தொடங்குகிறது. முதலில் வந்தது படிகமா, சிதைவா என்ற வாதம் இன்றும் மருத்துவ உலகில் ஓயவில்லை.

தனிப் படிகம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியது. கவுட் படிகத்தைக் காட்டிக்கொடுக்கும் நுண்ணோக்கியில்கூட இது தெரியாது. திரளாகச் சேர்ந்திருந்தால் அலிசரின் சிவப்பு என்ற சாயம் காட்டிக்கொடுக்கும். பவானி, சென்னிமலைக்காரர்களிடம் சாயத்தின் கதையைச் சொல்லாமல் எப்படி நகர்வது? நம் கடற்கரை மணலில் வளரும் சாயவேரின் சிவப்பும் அலிசரின்தான். 1868இல் கிரேபேயும் லீபர்மானும் ஜெர்மனியில் அதை ஆய்வகத்திலேயே உருவாக்கினார்கள். படிகாரத்தில் நனைத்த நூலை அந்தச் சாயம் கவ்வுவது படிகாரத்தில் உள்ள அலுமினியத்தால். அதே சாயம் கால்சியத்தையும் கவ்வும். ஒரு துளி மூட்டு நீரில் கலந்தால் படிகத் திரள்கள் செக்கச்செவேலென்று தெரியும். இந்தச் சோதனை சில நேரம் ஏமாற்றும் என்பதால் எக்ஸ்ரேயோடும் தோளின் நிலையோடும் சேர்த்தே முடிவு செய்கிறார்கள்.

சுண்ணாம்புச் சத்து என்றதும் வீட்டார் பயந்துவிட்டார்கள். "போர்த்தண்ணி உப்புத் தண்ணிங்க, அதுனாலதானுங்களா?" இல்லை. பானையில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அது வேறு சங்கதி. பாலையும் ராகியையும் நிறுத்தவும் வேண்டாம். இந்த நோய் 70 தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அதிகம் புழங்கிய கையில்தான் கூடுதலாக வருகிறது. பழைய அடி, ஓயாத உழைப்பு எல்லாம் துணைக் காரணங்கள். ஆனாலும் ஆயுளெல்லாம் தறியில் நாடாக் கயிறு இழுத்த பலருக்கு இது வருவதே இல்லை.

படிகத்தைக் கரைக்கும் மருந்து இன்னும் வரவில்லை. நீரை எடுப்பது, வலி மாத்திரை, அளவாக ஸ்டீராய்டு ஊசி, மூட்டைக் கழுவிவிடுவது என்று சமாளிக்கிறோம். அறுவை சிகிச்சையில் ஒரு நுட்பம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரான்ஸின் பால் கிராமோன் 1985இல் தோளையே தலைகீழாக்கினார். பந்தைத் தோள் எலும்பிலும் குழியைக் கை எலும்பிலும் வைத்தார். அப்போது பந்து மேலே நழுவ வழியில்லை; வால்கயிறு இல்லாமலே டெல்டாய்டு கையைத் தூக்கிவிடும். இதற்காகச் சென்னை போக வேண்டியதில்லை, கோயம்புத்தூரிலேயே செய்கிறார்கள்.

ஆத்தா வேண்டாமென்றுவிட்டார். "இந்த வயசுல கத்தி எதுக்குக் கண்ணு." இரண்டு முறை நீர் எடுத்தோம். மல்லாக்கப் படுத்து, மடக்கிய கையைக் கூரை நோக்கி நீட்டி, டெல்டாய்டின் முன்பகுதிக்குப் பழக்கம் கொடுத்தோம். படுத்திருக்கையில் கையின் பாரம் குறைவு, பந்தும் அவ்வளவாக மேலேறாது. போன வாரம் பார்த்தபோது முழங்கையை மேசையில் ஊன்றி, தலையைக் கைக்குத் தாழ்த்திக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. மருமகள் சரிசெய்ய வந்தபோது தள்ளிவிட்டார்.