சொல் விளக்கம்: ரூட்

லினக்ஸ் இயங்குதளத்தின் பக்கம் போனவர்கள் தப்ப முடியாத சொல் 'ரூட்'. பஸ் போகும் ரூட் இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வேரைக் குறிக்கும் ரூட். பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய, லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்புகள் தலைகீழ் மரமாக அடுக்கப்பட்டிருக்கும். உச்சியில் ஒற்றைச் சாய்கோடு (/). அதுதான் வேர் அடைவு (அடைவு என்றால் கோப்புகளை வைக்கும் ஃபோல்டர்). அங்கே கைவைக்கும் உரிமை 0 என்ற எண்ணுள்ள, எல்லா அதிகாரமும் கொண்ட பயனருக்கு மட்டும். அடைவின் பெயரே ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

சரி, வைரஸ் பேச்சில் ரூட் ஏன் வருகிறது? ஒரு நிரலை யார் இயக்குகிறாரோ அவருடைய அதிகாரம்தான் அந்த நிரலுக்கும். சாதாரணப் பயனர் ஏமாந்து எதையாவது சொடுக்கினால் பெரும்பாலும் அவருடைய கோப்புகளோடு போகும். ரூட் சொடுக்கினால் இயங்குதளமே போச்சு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், நிறுவும்போது உருவாக்கும் கணக்குகள் எல்லாமே நிர்வாகிக் கணக்குகள், அதாவது ஏறக்குறைய ரூட் போன்றவை. பாட்டுக் கேட்பவரும் நிர்வாகி, மெயிலில் வந்த இணைப்பைத் திறப்பவரும் நிர்வாகி. அதனால் உள்ளே வந்த மால்வேரும் (வைரஸ் போன்ற தீய நிரல்) நிர்வாகி. அப்புறம் அடுத்த விண்டோஸான விஸ்டாவில் திரையை மங்கலாக்கி அனுமதி கேட்கும் பெட்டி வந்தது. படிக்காமலே அதை அழுத்திவிட ஜனங்கள் பழகிக்கொண்டது தனிக் கதை.

யூனிக்ஸ் வழி வந்தவற்றில், தேவையான கட்டளைக்கு மட்டும் முன்னால் 'சுடோ' போட்டுக் கடவுச்சொல் கொடுப்பார்கள். ஆண்ட்ராய்டு இன்னும் கறார்: செயலி ஒவ்வொன்றுக்கும் தனிப் பயனர் எண். ஒரு செயலி தனக்கென வைத்திருக்கும் கோப்பை இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது. போனை 'ரூட் பண்ணுவது' என்றால் இந்தத் தடுப்பைத் தாண்டும் அதிகாரத்தைக் கையில் எடுப்பது. இதற்காக ரூட் இல்லாவிட்டால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேருக்கு உங்கள் குடும்பப் படங்களைப் பூட்ட உங்கள் அதிகாரமே போதும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'வேர்ப் பயனர்' சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அதிகாரம் தொனிக்கவில்லை. 'மூலப் பயனர்' என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. அடைவை 'வேர் அடைவு' என்றும், ஆளை 'முழுவுரிமைப் பயனர்' என்றும் பிரித்துச் சொல்வதே எனக்குப் பிடித்தது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2015இல் வந்த எல் கேப்பிட்டன் என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து, முக்கியமான இயங்குதளக் கோப்புகளை ரூட்டே நினைத்தாலும் மாற்ற முடியாதபடி ஆப்பிள் பூட்டிவிட்டது.