வெளிநாட்டுக்குப் பழைய காசு அனுப்பலாமா?

சில வாரங்களுக்கு முன் கோலாலம்பூரில் வசிக்கும் அன்பர் ஒருவர் என்னிடம் இருந்த 1911-ஆம் ஆண்டு ஒரு ரூபாய்க்கு, உள்ளூரில் கிடைக்கும் விலையைப் போல் ஒன்றரை மடங்கு தருவதாகச் செய்தி அனுப்பினார். சேகரிப்பாளர்கள் 'பன்றி ரூபாய்' என்று அழைக்கும் காசு அது. அரசர் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை உருவம் பன்றியைப் போல் தெரிகிறது என்று மக்கள் மறுப்புத் தெரிவித்ததால், அந்த ஆண்டின் ரூபாய் திரும்பப் பெறப்பட்டு, மறு ஆண்டு உருவம் திருத்தி அச்சிடப்பட்டது. நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கவர்ல மெட்டல் டோக்கன்னு எழுதி அனுப்பிருங்க, எல்லாரும் அப்படித்தானே அனுப்புறாங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை; பலர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். இணையத்தில் புதிதாகக் காசு விற்கத் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதுவாகவே இருப்பதால், இத்தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

வாங்குபவர் நம்பகமானவரா, அவருடைய நாட்டில் தபால் ஒழுங்காகச் சேருமா என்பதைத்தான் எல்லோரும் முதலில் யோசிக்கிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது காசின் மேல் பொறித்திருக்கும் ஆண்டை. 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், குறைந்தது நூறு ஆண்டுகளாக இருந்துவரும் பொருளைப் பழம்பொருள் என்று வரையறுக்கிறது. அந்த வரையறையின் பட்டியலில் சிலைக்கும் ஓவியத்துக்கும் முன்பாக, முதல் சொல்லாக நிற்பது நாணயம். சிலைக் கடத்தல் பற்றிய செய்திகளையே படித்துப் பழகிய நமக்கு, மேசை இழுப்பறையில் கிடக்கும் காலணாவும் அதே சட்டத்துக்குள் வரும் என்பது சட்டென்று மனத்தில் பதிவதில்லை. பழம்பொருளை நாட்டை விட்டு வெளியே அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும், அது அதிகாரம் அளித்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். உள்நாட்டுக்குள்ளேயே பழம்பொருளை வியாபாரமாக விற்பதற்கும் உரிமம் தேவை என்று இதே சட்டம் சொல்கிறது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

இந்த நூறு ஆண்டு என்னும் எல்லை நிலையாக நிற்காமல் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1926 என்று பொறித்த காசு 2026-இல் நூறைத் தொடுகிறது; போன வருடம் சட்டப்படி அனுப்பிய அதே வகைக் காசை அடுத்த வருடம் அனுப்ப முடியாமல் போகலாம். ரூபாய்க் காசுகளில் இதன் விளைவு இன்னும் தெளிவாகத் தெரியும். ஐந்தாம் ஜார்ஜ் உருவம் தாங்கிப் புழக்கத்துக்கு வந்த வெள்ளி ஒரு ரூபாய் 1922-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதன் பிறகு 1938 என்று பொறித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய் வரும் வரை இடையில் எதுவும் இல்லை. ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாய், விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று நம் வீடுகளில் பெட்டி பெட்டியாக இருக்கும் வெள்ளி ரூபாய் முழுவதும் இப்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஆறாம் ஜார்ஜின் ரூபாய், 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா, ஐந்தாம் ஜார்ஜின் சில்லறையில் 1936 வரை அடித்த பிந்தைய ஆண்டுக் காசுகள், சுதந்திர இந்தியாவின் காசுகள் ஆகியவையே இந்தப் பக்கம் மிஞ்சுகின்றன. பம்பாய் நாணய அச்சகத்தில் 1918-இல் அடித்த தங்கப் பவுனும் கோட்டைத் தாண்டிவிட்டது.

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது மலாயாவிலும் பர்மாவிலும் சம்பாதித்துக் கொண்டுவந்த காசுகளும் கிடைப்பதுண்டு. "இது மலேசியாக் காசுதானே, அவங்க ஊருக்கே திருப்பி அனுப்புறதுல என்ன தப்பு?" என்று ஓர் ஆச்சி என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், சட்டத்தின் சொற்கள் எந்த நாணயமாயினும் என்றுதான் இருக்கின்றனவே தவிர, இந்திய நாணயம் என்று இல்லை. நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பழைய பிரிட்டிஷ் மலாயா ஆட்சிப் பகுதியின் சதுர வடிவ ஒரு சென்ட் காசைக் கோலாலம்பூர்க்காரர் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும், அதிலுள்ள ஆண்டு 1919 என்றால் என் பதில் ஒன்றுதான். ஆண்டு பொறிக்காத காசுகளிலும், நூறு ஆண்டு ஆகிவிட்டதா என்று ஐயம் வரும் காசுகளிலும் தொல்லியல் துறையிடம் கொண்டுபோய்ப் பழம்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கேட்பதே முறை. இராஜராஜன் காசு என்று நாம் சொல்லும் சோழர் செப்புக்காசில் ஐயத்துக்கே இடமில்லை. அதற்குச் சான்றிதழ் கேட்டுப் போவது வீண் அலைச்சல்.

தபாலில் போனால்தானே சிக்கல், நேரில் வந்து வாங்கிப் பெட்டியில் வைத்து எடுத்துப்போகிறேன் என்பவர்களும் உண்டு. விமானத்தில் கைப்பையில் போவதும் ஏற்றுமதியே. அவர் விமான நிலையத்தில் பிடிபட்டால் முதலில் கேட்கப்படும் கேள்வி, யாரிடம் வாங்கினீர்கள் என்பது. வாங்கிய ரசீதில் இருப்பது உங்கள் பெயர். கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ வரும் வெளிநாட்டு உறவினர்களுக்கு அன்பளிப்பாகப் பழைய ரூபாயைக் கொடுத்தனுப்பும் குடும்பங்களுக்கும் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

புதிய காசுகளில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நினைவு நாணயங்களுக்கு வெளிநாட்டில் வாழும் தமிழரிடையே நல்ல தேவை இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010-இல் அறிவிக்கப்பட்ட 35 கிராம் எடையுள்ள ஆயிரம் ரூபாய் நாணயம், அறிஞர் அண்ணாவின் கையெழுத்தைத் தமிழிலேயே தாங்கிய ஐந்து ரூபாய், 2024-இல் வெளியான கலைஞர் நூறு ரூபாய் ஆகியவற்றைத்தான் அதிகம் கேட்கிறார்கள். இவற்றில் வயதுச் சிக்கல் இல்லை. ஆனால் அந்நியச் செலாவணி விதிகளின்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் நினைவு நாணயம் ஒவ்வொன்றிலும் இரண்டுக்கு மேல் வெளியே எடுத்துச் செல்லவோ அனுப்பவோ கூடாது. அண்ணா ஐந்து ரூபாயில் ஐம்பது வேண்டும் என்று மொத்தமாகக் கேட்பவருக்கு அனுப்ப வழியில்லை என்பதை நானே சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் அறிந்துகொண்டேன். அதற்கு முன் அப்படிப்பட்ட வாய்ப்பு வராமல் போனது என் அதிர்ஷ்டம்.

சட்டம் தடுக்காத காசு என்று தெரிந்த பிறகு, எதன் வழியாக அனுப்புவது என்ற கேள்வி எழுகிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இயங்கும் உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஒப்பந்தம், நாணயங்களையும் பொன் வெள்ளிப் பொருள்களையும் காப்பீடு இல்லாத சாதாரண உறையிலும் பார்சலிலும் வைப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. அனுப்பும் நாடும் பெறும் நாடும் தத்தம் சட்டப்படி ஏற்றுக்கொண்டால்தான் பதிவுத் தபாலுக்கு இடமுண்டு. நாட்டுக்கு நாடு தடைப் பட்டியல் மாறுவதால், விலை பேசுவதற்கு முன்பே அந்த நாட்டின் பட்டியலை அஞ்சலகத்தில் கேட்டுப் பார்த்துவிடுங்கள். தனியார் கூரியர் நிறுவனங்கள் பலவற்றின் நிபந்தனைகளில், ஏற்காத பொருள்களின் வரிசையில் பணத்தோடு நாணயமும் சேர்ந்தே இருக்கும். கவுன்டரில் இருக்கும் பையன் "ஒன்னும் ஆகாது சார்" என்று வாங்கிப் போட்டுக்கொள்வான். தொலைந்த பிறகு இழப்பீடு கேட்டால் அந்த நிபந்தனையைத்தான் நம்மிடம் நீட்டுவார்கள். 'மெட்டல் டோக்கன்' என்றும் 'அன்பளிப்பு' என்றும் எழுதி அனுப்புவதில் உள்ள மடத்தனமும் இதுவே: பத்தாயிரம் ரூபாய்க் காசை இருநூறு ரூபாய் வில்லை என்று நாமே கையெழுத்திட்டுக் கொடுத்த பின், காணாமற்போனால் நமக்குச் சேர வேண்டியது அதிகபட்சம் இருநூறு ரூபாய். சுங்கத்தில் உறையைப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கையெழுத்தே பொய் அறிவிப்புக்குச் சாட்சியாகவும் நிற்கும்.

வழி திறந்திருக்கிறது என்று நம்பியிருக்கும்போதே அது அடைபடவும் கூடும். 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு அமெரிக்கா அளித்துவந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு முடிந்தபோது, நம் அஞ்சல் துறை அந்நாட்டுக்கான சேவையை நிறுத்திவைத்து, அக்டோபர் மாதம் 15-ஆம் தேதிதான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட வாரங்களில் பணத்தை வாங்கிவிட்டுக் காசை அனுப்ப முடியாமல் விழித்தவர்களை நான் அறிவேன்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வியாபாரமாக அனுப்புவதற்கு இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். பான் எண்ணே அந்த எண்ணாகவும் வழங்கப்படுகிறது, கட்டணம் 500 ரூபாய், வீட்டிலிருந்தே எடுக்கலாம். அஞ்சல் வழி அனுப்பினால் அதற்குரிய ஏற்றுமதிப் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும். பணம் வங்கி வழியாக, வெளிநாட்டுப் பணமாக வந்து சேர்வதே பாதுகாப்பு. "என் சித்தப்பா மகன் மதுரையில் இருக்கிறான், அவன் ஜீபே பண்ணிவிடுவான்" என்று வாங்குபவர் சொன்னால், ஏற்றுமதிக் கணக்கில் காசு போனதற்குச் சான்று இருக்கும், அதற்கு ஈடாகப் பணம் வந்ததற்குச் சான்று இருக்காது. பிறகு உங்கள் ஆடிட்டர் உங்களைத்தான் திட்டுவார்.

வெளிநாட்டு வாங்குநர் என்ற பெயரில், வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்பவர்களைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருப்பதே வருத்தம்தான். பழைய காசு விற்பனைக்குக் கட்டணமோ தரகோ தாங்கள் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. வாங்குபவர் பணம் கேட்டால் அவர் வாங்குபவர் இல்லை.

எல்லாவற்றையும் முறையாகச் செய்தும் நான் இழந்த ஒரு காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது 1938-ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் ரூபாய். அரிதான 1939 அல்ல என்றாலும், கை படாத காசு. எழுத்துகளின் இடுக்கில் அச்சகத்துப் பளபளப்பு அப்படியே இருந்தது. அரசரின் கழுத்துக்குக் கீழே, அச்சு வெடித்ததால் விழுந்த மயிரிழை போன்ற ஒரு கோடு, சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும். ஐரோப்பாவில் இருந்த ஒருவர் வாங்கினார். பதிவு செய்து, காப்பீடு போட்டு, உண்மை விலையை எழுதி அனுப்பினேன். மூன்று வாரத்தில் சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்து, விவரித்தபடி பொருள் இல்லை என்று அவர் பணப் பரிமாற்ற நிறுவனத்திடம் புகார் கொடுத்தார். இத்தகைய நிறுவனங்களில் ஆறு மாதம் வரைகூடப் புகாருக்கு அவகாசம் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் உறையைத் திருப்பி அனுப்பிக் கண்காணிப்பு எண்ணைக் காட்டியதும், அது என் கையில் சேர்ந்த அன்றே முழுத்தொகையும் அவருக்குப் போய்விட்டது.

உறையைப் பிரித்தேன். உள்ளே 1938 ரூபாய்தான் இருந்தது. எடை 11.66 கிராம், வெள்ளி அசல். ஆனால் சோடா போட்டுக் கழுவிய காசு அது. லென்ஸில் பார்த்தால் துணியால் தேய்த்த கோடுகள் ஒரே திசையில் ஓடின, அரசரின் காதுக்குப் பின்னால் ஒரு வெட்டு, கழுத்தின் கீழே அந்த மயிரிழை இல்லை. நிறுவனத்துக்கு எழுதினேன். உறை சேர்ந்ததா என்பதை மட்டுமே எண்ணைக் கொண்டு பார்க்க முடியும், உள்ளே இருந்தது எது என்று தீர்மானிக்க இயலாது என்று பதில் வந்தது. திரும்பி வந்தது நான் அனுப்பிய பொருளே என்று சுங்கத்துக்குக் காட்டினால்தான் மறு இறக்குமதிக்கான வரிச் சலுகை கிடைக்கும். நான் அனுப்பும்போது கொடுத்த பட்டியலில் 'வெள்ளி நாணயம் 1' என்று மட்டுமே எழுதியிருந்தேன். அது என் பிழை. வந்த காசு வேறு என்று வாதாடிக்கொண்டே, அதே காசுதான் என்று சலுகை கேட்கும் நிலையும் எனக்கு வாய்த்தது!

அதன் பிறகு பட்டியலில் காசின் ஆண்டு, அச்சக அடையாளம், எடை, தனிக்குறிகள் ஆகியவற்றை எழுதி, இருபுறப் படத்தையும் ஒட்டி ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறேன். உறையிடுவதை ஒரே ஓட்டமாகக் காணொளி எடுக்கிறேன், அது நிறுவனத்திடம் எடுபடுமா என்ற ஐயத்தோடுதான். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு காசின் விலைக்கு ஐயாயிரம் ரூபாய் என்று எனக்கு நானே எல்லை வைத்திருக்கிறேன். அதற்கு மேற்பட்டவற்றையும், நூறு ஆண்டு கடந்த எல்லாவற்றையும் என் விற்பனைப் பட்டியலில் 'உள்நாடு மட்டும்' என்ற தலைப்பின் கீழ்க் காணலாம். கோலாலம்பூர் அன்பர் கேட்ட பன்றி ரூபாய் இப்போது அங்கேதான் இருக்கிறது. கழுவிய 1938 ரூபாய் எந்தப் பட்டியலிலும் இல்லை, கடைக்கு வரும் இளைஞர்களுக்கு லென்ஸைக் கையில் கொடுத்துக் காட்டுவதற்காக மேசையிலேயே வைத்திருக்கிறேன்.