குழல்வெடி: 'பின்வெடிப்பு' என்று ஏன் எழுதக் கூடாது

என் அக்கா மகன், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் கொண்ட பழைய 350 சிசி வண்டி ஒன்றை வாங்கி, சைலன்சரை மட்டும் மாற்றினான். அன்றிலிருந்து ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையும்போதெல்லாம் சைலன்சருக்குள் பட் பட்டென்று வெடிக்க ஆரம்பித்தது. தமிழில் ஒரு பராமரிப்புக் குறிப்பைத் தேடிப் படித்திருக்கிறான். 'பின்வெடிப்பு ஏற்பட்டால் பற்றவைப்பு நேரத்தையும் உறிஞ்சு வால்வையும் சோதிக்கவும்' என்று அதில் இருந்தது. பையன் அப்படியே செய்தான். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கி வால்வைப் பார்க்கச் சொல்லி, கூலியும் கொடுத்துவிட்டு வந்தான். வால்வில் ஒரு குறையும் இல்லை. வெடி அப்படியே இருந்தது.

"தமிழ்லதானே மாமா போட்டிருந்தது, படிச்சுப் புரிஞ்சுதான் செஞ்சேன்" என்றான். குறிப்பு சொன்ன மருந்தில் தவறில்லை. அது வேறு நோய்க்கான மருந்து. இரண்டு நோய்க்கும் ஒரே பெயரை வைத்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

பின்வெடிப்பு என்பது ஆங்கில 'பேக்ஃபயர்' என்பதன் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் பேக்ஃபயர் முதலில் இன்ஜின் சொல்லே அல்ல. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் காட்டுத்தீ பரவி வரும்போது, அதற்கு எதிரே வேண்டுமென்றே ஒரு தீயை வைத்து, வருகிற தீக்கு இரை இல்லாமல் செய்வார்கள். அந்த எதிர்த்தீக்கு வைத்த பெயர் அது. அந்த நூற்றாண்டின் கடைசியில் அது இன்ஜினுக்கு வந்தது. சிலிண்டருக்குள் எரிய வேண்டியது, வந்த வழியே திரும்பி, காற்று உள்ளே வரும் உறிஞ்சு குழாயிலும் கார்புரேட்டரிலும் எரிந்தால் பேக்ஃபயர். கவனியுங்கள், இதில் 'பேக்' என்பது வண்டியின் பின்பக்கம் அல்ல. திசை மாறித் திரும்புவது. எரியாத பெட்ரோல் ஆவி வெளியேறும் வழியில், சைலன்சருக்குள் போய்ப் பற்றிக்கொள்வதற்கு ஆங்கிலத்திலேயே ஆஃப்டர்ஃபயர் என்று தனிச்சொல் உண்டு. அங்கேயும் சாலையில் போகிறவர்கள் இரண்டையும் பேக்ஃபயர் என்றே சொல்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வண்டியைச் சரிசெய்யச் சொல்லித் தருகிற எழுத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

இப்போது 'பின்வெடிப்பு' என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். தமிழில் 'பின்' மூன்று வேலை செய்கிறது. பின்வாசல், பின்கட்டு என்றால் இடம். பின்னிரவு, பின்பனி என்றால் காலம். பின்வாங்குதல் என்றால் திசை. ஆகவே பின்வெடிப்பு என்று எழுதினால் வண்டியின் பின்புறம் வெடிப்பதா, எரிந்து முடிந்த பிறகு வெடிப்பதா, பின்னோக்கி வெடிப்பதா என்று படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும். சைலன்சர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் பத்தில் ஒன்பது பேர் இடம் என்றே எடுத்துக்கொள்வார்கள். பையனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். எழுதியவரோ திசையை நினைத்து எழுதியிருக்கிறார்.

இந்தச் சொல்லுக்குப் பரிந்து பேசுகிற நண்பர் ஒருவர், "பின் என்றால் பிறகு என்றும் பொருள் இருக்கிறதே, ஆஃப்டர்ஃபயருக்கு அதுதானே சரி?" என்று கேட்டார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்புறம் பேக்ஃபயருக்கு என்ன சொல்வது? அதுவும் பின்வெடிப்புதான் என்றால், ஆங்கிலம் இரண்டு சொல் வைத்துப் பிரித்த இரண்டு எதிரெதிர்க் கோளாறுகளைத் தமிழில் ஒன்றாகக் கட்டிவிட்டோம். ஒன்று காற்று உள்ளே வரும் வாயிலில் நடப்பது, மற்றது புகை வெளியே போகும் வாயிலில் நடப்பது. கலைச்சொல் என்று ஒன்றை ஆக்குவதே பொருளைக் கூர்மையாக்கத்தானே?

'வெடிப்பு' என்ற பாதியும் எனக்கு ஒப்பவில்லை. குண்டுவெடிப்பு, எரிமலை வெடிப்பு என்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் பித்தவெடிப்பு, சுவரில் வெடிப்பு, வயலில் வெடிப்பு என்றால் விரிசல். சைலன்சர் விஷயத்தில் இந்த மயக்கம் வெறும் இலக்கணச் சண்டை அல்ல. சைலன்சரின் பற்றவைப்புத் தையலில் உண்மையாகவே விரிசல் விடும். அதன் வழியே வெளிக்காற்று உள்ளே போனால் இதே பட் பட் சத்தம் வரும். 'சைலன்சர் வெடிப்பால் பின்வெடிப்பு' என்று ஒருவர் எழுதினால் காரணம் எது, விளைவு எது என்று எப்படித் தெரியும்? இன்னொன்று, மேலே நான் எழுதிய 'பற்றவைப்பு'. வெல்டிங்குக்கும் அதே சொல், இக்னிஷனுக்கும் அதே சொல். இப்படித்தான் ஒவ்வொன்றாக ஒரே மூட்டைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒலியோடு ஒரு கணம் வெடித்து அடங்குவதற்குத் தமிழில் 'வெடி' என்றே இருக்கிறது. சரவெடி, ஓலைவெடி, ஊசிவெடி என்று தீபாவளிக்கு வாங்குகிற குழந்தைக்கும் தெரிந்த வரிசை. அந்த வரிசையில், ஆஃப்டர்ஃபயருக்கு 'குழல்வெடி' இயல்பாக உட்காரும். எங்கே வெடிக்கிறது என்று இடத்தைச் சொல்கிறது, எப்படி வெடிக்கிறது என்று ஒலியையும் சொல்கிறது. புகைபோக்கி என்று தொடங்கலாம் என்றால் அது அடுப்புக்குப் போய்விட்டது. பேக்ஃபயருக்கு 'எதிர்வெடி' போதும். திசை தெளிவாக இருக்கிறது.

இதையெல்லாம் என்னை யோசிக்க வைத்தவர் எங்கள் தெரு முனையில் நாற்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றும் முன்பே கேட்டார்: "கையைக் கொடுக்கும்போது வெடிக்குதா தம்பி, கையை விடும்போதா? கார்புரேட்டர்ல தும்முதா, சைலன்சர்ல வெடிக்குதா?" தும்முதல்! எதிர்வெடிக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்தக் கலைச்சொல் குழு தரும்? ஒரே மூச்சில் இரண்டு கோளாறையும் இரண்டு நேரத்தையும் பிரித்துவிட்டார்.

அப்புறம், இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவி, விரலைக் காட்டினார். கரி. இணைப்பை அடைக்கும் கேஸ்கட் சரியாக உட்காராமல் அங்கே கசிந்திருக்கிறது. கையை விட்டதும், அதாவது ஆக்சிலரேட்டரை விட்டதும், இன்ஜினுக்குக் காற்றுப் போகும் கதவான திராட்டில் மூடிக்கொள்கிறது, பைலட் ஜெட் என்ற சிறு துளை வழியே போகும் கொஞ்சப் பெட்ரோல் மட்டும்தான் சிலிண்டருக்குள் போகிறது. கலவையில் பெட்ரோல் போதாததால் சில சுற்று பற்றாமலே வெளியேறுகிறது. அந்த எரியாத ஆவி சூடான குழாயில் கசிவுக் காற்றோடு சேர்ந்து பற்றுகிறது. இவ்வளவுதான் குழல்வெடி. முதலில் கேஸ்கட்டை மாற்றினார். சத்தம் பாதியானது. பிறகு கார்புரேட்டர் திருகை அரைச் சுற்று வெளியே எடுத்தார். அந்த வண்டியில் திருகு இன்ஜின் பக்கம் இருக்கிறது. அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் திருகு, வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ, அங்கே உள்ளே திருப்பினால்தான் காற்று குறைந்து கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். இரண்டையும் 'கலவைத் திருகு' என்று பெயரிட்டு, 'வெளியே திருப்பவும்' என்று ஒரு வரியில் எழுதிப்போகிற மொழிபெயர்ப்புகளையும் பார்த்திருக்கிறேன். பாதி வண்டிகளில் அது நேர் எதிரான வேலையைச் செய்யும்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த, பிஎஸ்6 என்ற புகை வரம்பு விதிக்கு உட்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் திருகே கிடையாது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்தான். கையை விட்டதும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு பெட்ரோலைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். மிச்ச ஆவியை எரிக்கப் புகைக்குழாய்க்குள் காற்றை விடும் அமைப்பும் பல வண்டிகளில் உண்டு. சைலன்சரை மாற்றினால் இவை சேர்ந்து குழல்வெடியைக் கூட்டும். அங்கே திருத்தம், எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் இசியுவின் அட்டவணையில், திராட்டில் மூடிய வரிசையில் பெட்ரோலைக் கொஞ்சம் ஏற்றுவது. ஆனால் அங்கும் முதல் வேலை கசிவு பார்ப்பதுதான்.

கலவையில் பெட்ரோல் கூடினால் ரிச், குறைந்தால் லீன் என்ற இரண்டையும் சொல்லாமல் விட முடியவில்லை. 'பணக்காரக் கலவை' என்றும் 'மெலிந்த கலவை' என்றும் வருகிறது. பெட்ரோல் என்ன, சொத்தா சேர்த்திருக்கிறது? பள்ளிப் பாடத்தில் அடர் அமிலம், நீர்த்த அமிலம் என்று நல்ல இணை இருக்கிறதே என்று சிலர் 'நீர்த்த கலவை' என்று எழுதுகிறார்கள். அமிலத்துக்கு அது சரி, அதில் உண்மையாகவே நீர் சேர்கிறது. பெட்ரோலில் நீர் சேர்வது தனியாக ஒரு கோளாறு. டேங்கில் தண்ணீர் இறங்கிய வண்டி எப்படித் திணறும் என்று மழைக்காலத்தில் ஓட்டியவருக்குத் தெரியும். பெட்ரோல் மிகு கலவை, பெட்ரோல் குறை கலவை என்று எழுதினால் யாருக்கும் அகராதி தேவைப்படாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்த அண்ணன், முனை வெளுத்திருப்பதைப் பையனிடம் காட்டி, "பாரு தம்பி, பெட்ரோல் குறைச்சலாப் போயிருக்கு" என்றுதான் சொன்னார். அவனுக்கு உடனே விளங்கியது.