அதிவேகம் இல்லை, அடுக்கு: எக்ஸ்பொனென்ஷியல் என்ற சொல்

எக்ஸ்பொனென்ஷியல் ஃபங்ஷன் என்பதை இணையத்தில் 'அதிவேகச் செயல்பாடு' என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அடுக்குக்குறிச் சார்பு என்ற நல்ல சொல் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே இருக்கிறது. இதில் வேகம் எங்கேயும் இல்லை, மாறி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

மாறியை 'ம' என்று வைத்துக்கொள்வோம். ம² என்றால் மாறி கீழே, அடிமானமாக இருக்கிறது. மேலே உள்ள 2 மாறாது, எனவே அது இயற்கணிதச் சார்பு. 2-ஐக் கீழே வைத்து ம-வை மேலே ஏற்றினால்தான் அடுக்குக்குறிச் சார்பு.

சரி, வெறும் எண்கள்தான் கையில் இருக்கின்றன என்றால்? 1, 4, 9, 16, 25 ஒரு வரிசை. 2, 4, 8, 16, 32 இன்னொன்று. ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தையதால் வகுங்கள். இரண்டாவது வரிசையில் எப்போதும் 2 வரும், ஈவு மாறாமல் இருப்பதுதான் அடுக்குக்குறிச் சார்பின் அடையாளம். முதல் வரிசையில் ஈவு குறைந்துகொண்டே போகும், ஆனால் அதிலேயே கழித்தால் 3, 5, 7, 9, மறுபடி கழித்தால் 2, 2, 2. மூன்றாம் இடத்தில் 9-தான் பெரியது, 8 இல்லை என்பதையும் கவனியுங்கள். ம¹⁰ எடுத்தால் இன்னும் தெளிவு: முழு எண்களில் 2 முதல் 58 வரை அதுதான் முன்னால், 59-இல்தான் 2-இன் அடுக்கு முந்துகிறது. கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 பாதியாகச் சிதைய ஏறக்குறைய 5,730 ஆண்டுகள் ஆகின்றன, அதுவும் அடுக்குக்குறிச் சார்புதான். இதை அதிவேகம் என்பதா?

மேலே நிற்கும் அடுக்கைக் குறிக்கும் எக்ஸ்பொனென்ட் என்பதன் வேர், 'எடுத்து வெளியே வை' என்ற பொருள்கொண்ட எக்ஸ்போனெரே என்ற லத்தீன் வினை. ஜெர்மானியரான மைக்கேல் ஸ்டீஃபெல் 1544-இல் வந்த நூலில் அதைக் கணிதச் சொல்லாக்கினார். 0, 1, 2, 3 என்று மேலே, 1, 2, 4, 8 என்று கீழே. மேலே உள்ளது கீழே உள்ளதை எடுத்துக்காட்டுகிறது, அவ்வளவுதான். இலங்கைப் பாடநூல்கள் சொல்லும் 'சுட்டி' இந்தப் பொருளுக்கு ரொம்பவே நெருக்கம்.

ஆனாலும் எனக்கு அடுக்குதான் பிடிக்கும். 'பாம்பு பாம்பு பாம்பு' என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதை அடுக்குத்தொடர் என்கிறோம், 2×2×2 என்பதும் அதேபோல ஒரே எண் அடுக்கி வருவதுதானே. நன்னூல் சொல்லடுக்கை நான்கோடு நிறுத்துகிறது, எண்ணுக்கு அந்த எல்லை கிடையாது. அப்புறம், அடுக்கு ½ என்றோ −3 என்றோ வரும்போது இந்த அடுக்கும் படம் உதவாது. அங்கே சுட்டியே பொருத்தமாக நிற்கிறது.