ஒரே ஒரு கொட்டையில் உருளைக்கிழங்கு வாசம்

ருவாண்டாவின் காப்பிக்கு உலகச் சந்தையில் நல்ல பெயர் உண்டு. 1,500 மீட்டரையும் தாண்டிய குன்றுச் சரிவுகளில், பெரும்பாலும் போர்பன் என்ற பழைய அரபிக்கா ரகத்தைப் பயிரிடுகிறார்கள். பலரும் சில நூறு செடிகள் மட்டுமே வைத்திருக்கும் சிறு விவசாயிகள். இந்த அருமையான காப்பியில் எப்போதாவது ஒரு கோப்பையில் மட்டும், தோல் சீவிய பச்சை உருளைக்கிழங்கின் வாசம் குப்பென்று அடிக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வாயில் வைக்க முடியாது.

இதற்குப் பின்னால் இருப்பது அன்டெஸ்டியா என்ற நாவாய்ப்பூச்சி. கேடய வடிவ உடல். கரும்பழுப்பின் மேல் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் புள்ளிகள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. காப்பிக் காயில் ஊசி வாயைக் குத்திச் சாறு உறிஞ்சும். அந்தத் துளை வழியே பாக்டீரியா புகுந்து, இந்த வாசத்துக்குக் காரணமான பைரசின் வகைச் சேர்மத்தை உண்டாக்குகிறது என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். குத்துப்பட்ட செடியே தற்காப்புக்காக அதை உண்டாக்குகிறது என்பது இன்னொரு தரப்பு. விவாதம் முடியவில்லை. உருளைக்கிழங்கிலும் பச்சைப் பட்டாணியிலும் இருப்பதும் இதே வகைச் சேர்மம்தான்.

வறுக்கும் சூட்டிலும் இது போகாது. நம் மூக்கோ இதைத் துளியிலும் துளியாக இருந்தாலே பிடித்துவிடும். அதனால் ஒரு கோப்பைக்கான அறுபது, எழுபது கொட்டைகளில் ஒன்று கெட்டிருந்தாலே போதும். சுவை பார்ப்பவர்கள் ஒரே காப்பியை ஐந்து கோப்பைகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் கொட்டையைத் தனித்தனியாக அரைப்பதில் இதனால் பெரிய பலன் உண்டு. மொத்தமாக அரைத்தால் ஒரு கொட்டையின் நாற்றம் ஐந்திலும் ஏறிவிடும். தனியாக அரைத்தால் நான்கு கோப்பைகள் பழ மணத்தோடு நிற்க, ஐந்தாவது மட்டும் காட்டிக்கொடுக்கும்.

அந்த ஒரு கோப்பைக்காக வாங்குபவர்கள் மொத்தச் சரக்கின் விலையையும் குறைக்கும்போது, அடி விழுவது அந்தச் சிறு விவசாயிமேல்தான். இது நியாயமே இல்லை.

சரி, தடுப்பது எப்படி? வறுத்த பிறகு பார்வைக்கு வித்தியாசமே தெரியாது என்பதால் வேலையெல்லாம் அதற்கு முன்பே நடக்க வேண்டும். பறித்த பழங்களை முதலில் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுகிறார்கள். பூச்சி குத்தி உள்ளே சுருங்கியவற்றில் பல மிதக்கும். அவற்றை அள்ளி ஒதுக்குவார்கள். அப்புறம் தோல் நீக்கி, நொதிக்கவைத்து, கழுவிய கொட்டைகளை உயரமான வலை மேடைகளில் பரப்புவார்கள். ஈரமாக இருக்கும்போது குத்துத் தழும்பு ஓரளவு பளிச்சென்று தெரியும். அந்த நேரத்தில் கையால் பொறுக்குவது, காய்ந்த பிறகு பொறுக்குவதைவிடப் பலன் தரும்.

இத்தனைக்கும் மேல் தோட்டத்திலேயே பூச்சியைக் குறைப்பதுதான் நல்ல வழி. அடர்ந்த இலைமறைவு அதற்குப் பிடித்த இடம். கவாத்து செய்து, அதாவது அடர்ந்த கிளைகளை வெட்டிவிட்டு, வெளிச்சம் உள்ளே விழச் செய்தால் அது தங்காது. பைரித்ரம் என்ற பூவிலிருந்து எடுக்கும் பூச்சிமருந்தும் கேட்கிறது. அந்தப் பூ ருவாண்டாவின் வடக்கே, எரிமலை அடிவாரங்களில் விளைகிறது. கவாத்து முடித்த செடியில்தான் அந்த மருந்தும் உள்கிளை வரை எட்டும்.