நாத்திகம்: எதை இல்லை என்பது?

தங்கை மகள் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் ஒரு வழிகாட்டி நூலைக் கொண்டுவந்து என் முன் விரித்தாள். ‘ஆறு தரிசனங்களும் கடவுளை நம்புபவை, ஆகவே ஆத்திகம், பௌத்தம், சமணம், உலகாயதம் மூன்றும் கடவுளை நம்பாதவை, ஆகவே நாத்திகம்’ என்று அச்சாகியிருந்தது. தரிசனம் என்றால் தத்துவப் பள்ளி; சாங்கியம், மீமாம்சை, நியாயம் எல்லாம் அந்த ஆறில் அடக்கம். உலகாயதம், கண்ணுக்குத் தெரியும் உலகே மெய் என்னும் கட்சி. பச்சை மையால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் ‘சாங்கியம்?’ என்று எழுதி வைத்திருந்தாள். “மாமா, நான்கு பக்கம் தள்ளிச் சாங்கியம் ஈசுவரனை ஏற்கவில்லை என்று இவர்களே எழுதியிருக்கிறார்கள். எது சரி?” என்றாள்.

இந்தப் பிழையை மேடைப் பேச்சிலும் ஆவணப்படக் குரலிலும் மொழிபெயர்ப்பு நூல்களிலும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

வடமொழியில் அஸ்தி என்றால் உண்டு. ந அஸ்தி, இல்லை. அதிலிருந்து நாஸ்திகம், தமிழ் வாயில் நாத்திகம். எது இல்லை என்பதைச் சொல் தன்னளவில் சொல்வதில்லை. பாணினியின் உரைகாரர்கள் ‘மறுமை இல்லை என்பவன்’ என்று நிரப்பினார்கள். மனுநூலின் இரண்டாம் அத்தியாயம் வேதத்தை நிந்திப்பவனே நாஸ்திகன் என்கிறது. தரிசனங்களைப் பிரிக்கும்போது நின்று நிலைத்த பொருள் இதுதான். கடவுள் பேச்சே அதில் இல்லை.

மீமாம்சகர்களைப் பாருங்கள். வேதத்தை அவர்களைவிட இறுகப் பிடித்தவர் எவருமில்லை. ஆனால் வேதம் யாராலும் இயற்றப்படாதது, அதனாலேயே அது பிரமாணம், அதாவது நம்பத்தக்க ஆதாரம், என்பது அவர்கள் கட்சி. ஏழாம் நூற்றாண்டின் குமாரிலபட்டர் உலகைப் படைத்த ஒருவன் உண்டு என்பதை வரிந்துகட்டிக்கொண்டு மறுத்தார். நியாயவாதிகளோ நேர் எதிர்: ஈசுவரன் சொன்னதால்தான் வேதம் பிரமாணம். உதயணர் ஈசுவரன் உண்டென்று நிறுவவே நியாயகுசுமாஞ்சலி எழுதினார். ஒரே மறைநூல், அதற்கு ஆசிரியன் உண்டா இல்லையா என்று இரு தரப்பும் நூற்றாண்டுக் கணக்கில் மோதின. இருவருமே ஆத்திகர்கள்! வழிகாட்டி நூலின் இலக்கணப்படி குமாரிலபட்டர் நாத்திகராகிவிடுவார்.

தமிழ் இந்த வேறுபாட்டை அறியாத மொழியும் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்னும் சைவ சித்தாந்த நூலில், பிறர் கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் பதினான்கு கட்சிகளை நிறுத்தி வாதாடுகிறார். அவர்களில் ஒருவன் நிரீச்சுர சாங்கியன், அதாவது ஈச்சுரனைக் கொள்ளாத சாங்கியன். உலகாயதன் தனியே நிற்கிறான். மாணிக்கவாசகரும் ‘நாத்திகம் பேசி நாத்தழும்பு ஏறினர்’ என்று ஓரிடத்தில் பாடி, உலோகாயதன் என்னும் பாம்பை வேறோர் அடியில் வைத்தார். முன்னோர் தனித்தனியே வைத்ததை நாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம்.

நாத்திகம் வேண்டாம், தூய தமிழில் ‘இறையிலி’ என்போம் என்று இப்போது சிலர் கிளம்பியிருக்கிறார்கள். தனித்தமிழ் ஆர்வம் எனக்கும் உண்டு. ஆனால் இந்தச் சொல்லை எடுத்தவர்கள் ஒரு சோழர் கல்வெட்டையாவது படித்திருக்க வேண்டும். இறை என்றால் வரி. இறையிலி என்றால் வரி நீக்கிய நிலம். கோயிலுக்கு விட்ட தேவதானத்தையும் சமணப் பள்ளிக்கு விட்ட பள்ளிச்சந்தத்தையும் இறையிலியாக்கித்தான் கல்லில் வெட்டினார்கள். பல நூற்றாண்டுகள் கோயில் விளக்கெரிய நெய் தந்த நிலத்தின் பெயரை எடுத்துக் கடவுளை மறுப்பவருக்குச் சூட்டுவது என்ன நியாயம்? நாளை ஒரு மாணவர் ‘தேவதான இறையிலி’ என்ற தொடரைக் கல்வெட்டில் கண்டால் என்னவென்று பொருள் கொள்வார்? சொல் தமிழாக இருந்தால் மட்டும் போதாது. அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதே காரணத்தால் ‘இறைமறுப்பு’ என்பதிலும் எனக்கு முழு நிறைவில்லை. வள்ளுவரின் இறைமாட்சி கடவுளைப் பற்றியதா? அரசனைப் பற்றியது. இறை என்ற சொல்லுக்குத் தலைவன், அரசன், வரி என்று தலைக்குமேல் சுமை இருக்கிறது.

‘கடவுள் மறுப்பு’ இருக்கும்போது வேறெதற்கு அலைய வேண்டும்? எல்லோருக்கும் புரிகிறது. பெரியார் இயக்கத்தார் தங்கள் வாசகத்தை அப்படித்தான் அழைக்கிறார்கள். சமணத்துக்கு மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். அருகனைக் கடவுள் என்றே பாடுபவர்கள் அவர்கள். அவர்கள் மறுப்பது உலகைப் படைத்த ஒருவனை. அங்கே ‘படைப்போனை மறுத்தல்’ என்று விரித்து எழுதினால் தாள் ஒன்றும் கிழிந்துவிடாது.

1930இல் பகத் சிங் லாகூர் சிறையில் எழுதிய கட்டுரையைப் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா ‘நான் நாத்திகன் ஏன்?’ என்று தமிழாக்கினார். அதை நான் குறை சொல்லவில்லை. அரசியல் மேடையில் அந்தச் சொல் கடவுள் மறுப்பாளர் என்ற பொருளில் வேரூன்றிவிட்டது. பெருமையோடு ஏந்தியவர்களிடமிருந்து அதைப் பிடுங்கவும் கூடாது. என் சண்டை தத்துவ நூல்களை மொழிபெயர்ப்பவர்களோடு. மூலத்தில் ‘வைதிக மரபு’ என்ற பொருளில் வரும் சொல்லைக் ‘கடவுள் நம்பிக்கையுள்ள மரபு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அகராதியின் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்கிறார்கள், பரபக்கத்தைப் புரட்டுவதில்லை.

அவளுடைய கேள்விக்குறிக்குப் பக்கத்தில் நான் எழுதிக்கொடுத்தேன்: ‘ஆத்திகம், வேதத்தை ஏற்பது. நாத்திகம், வேதத்தை மறுப்பது. கடவுள் உண்டா என்பது வேறு கேள்வி.’ படித்துவிட்டு, “விடைக்குறிப்பு தயாரிப்பவர் இந்தப் புத்தகத்தைப் பார்த்துத் தயாரித்திருந்தால், மாமா?” என்று கேட்டாள்.